மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி

எங்கள் ஊர்க் கரண்டுக்காரர் எதையும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. விருந்தில் கைகழுவிவிட்டு வருகிறவரைப் பிடித்து, சாப்பாடு எப்படி என்று கேட்டால் "சுமாருங்க" என்பார். கிணறு நிரம்பி வழிந்த வருஷமும் அவருக்குச் சுமார்தான், கிணற்றுக்குள் இறங்கி மண் தோண்டிய வருஷமும் சுமார்தான். ஒரு தடவை அவருடைய பெரியப்பாவைப் பற்றி என் அப்பா விசாரித்தார். "அவ்வளவா செரியில்லீங்க" என்றார். பாவம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று அப்பா ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு போனால், அங்கே காரியமே முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கும் ஒரு பேர் இருந்தது. ஓட்டர் லிஸ்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். குட்டையான ஆள். சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் காக்கிப் பை. பைக்குள் மூன்று தகர டப்பாக்கள். சின்ன ஆணி ஒன்றில், நடுத்தரம் ஒன்றில், பெரிய ஆணி ஒன்றில். எது தீர்ந்தாலும் அன்றைக்கே கொழிஞ்சாம்பாறைக்குப் போய் வாங்கி நிரப்பிவிடுவார். நடந்தால் மூன்றும் மூன்று தினுசாகக் குலுங்கும். அவர் தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம்.

அவர் சம்சாரம் ஒரு கல்யாண வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இந்த மனுசன் என்னையக் கட்டிக்கறேன்னும் சொல்லல, கட்டிக்க மாட்டேன்னும் சொல்லல. நாங்களா தாலியக் கையில குடுத்தோம், கட்டுனாரு."

எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் பள்ளிக்கூட டீச்சர். கணக்குப் பாடம். சரி அல்லது தப்பு, இரண்டில் ஒன்று வேண்டும் எனக்கு. அரை மார்க் போடக் கை வரவே வராது. அப்படிப்பட்டவள் அந்த மனிதரிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோயமுத்தூர் ஜில்லா வந்துவிடும். எழுபதுகளின் நடுவில் அந்தப் பக்கம் அடிக்கடி பவர்கட். இந்தப் பக்கம் விளக்கெரியும். அக்கட்டால இருக்கிற ஒறம்பரைச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து பல்பை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும். தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது பல்புக்குள் இருக்கும் கம்பி சிவப்பாகத் தெரியும். பல்பைத் தேடவே இன்னொரு விளக்கு வேண்டும். ஏழு மணிக்கு மோட்டார்களை நிறுத்தினார்களோ, வோல்டேஜ் குபீரென்று ஏறி, தெருவுக்கு இரண்டு பல்பாவது டப்பென்று போகும். கரண்டு ஆபீசில் ஊரே கையெழுத்துப் போட்டு அபேட்சை மனு கொடுத்தது. அந்தக் காகிதமும் எங்கேயோ இருட்டில்தான் கிடந்திருக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில் எங்கள் ஊர்த் தோப்புக்காரர் கோயமுத்தூரில் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் போய்வந்தார். படம் ஆரம்பிப்பதற்கு முன் அங்கே விளக்குகள் ஒரேயடியாக அணையாமல் மெல்ல மெல்ல மங்கியதாம். படக்கதை மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. தன் வீட்டுக் கூடத்திலும் அதே மாதிரி வேண்டும் என்று கரண்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாக்கலாமுங்க" என்றார் அவர்.

ரிப்பேருக்கு வந்து கிடந்த கரண்டு அடுப்புகளின் சுருள்கம்பியை எல்லாம் சேர்த்து, பீங்கான் குழாய்களில் சுற்றி, ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் வைத்தார். மேலே ஒரு மரப்பலகை. பலகையில் அரைவட்டமாகப் பத்துப் பித்தளைப் பொட்டுகள். ஒரு கைப்பிடி பொட்டுக்குப் பொட்டு நகரும். கைப்பிடியைத் தள்ளத் தள்ளக் கம்பியின் நீளம் குறைந்து வெளிச்சம் கூட வேண்டும். கூடியது, ஆனால் தோப்புக்காரர் கேட்ட மாதிரி இல்லை. ஏழு பொட்டு வரைக்கும் ஒன்றுமே நடக்காது, எட்டாவதில் கண் கூசும். பெட்டி மட்டும் நன்றாகச் சூடானது. அந்த வீட்டுப் பூனை அன்றிலிருந்து அதன் மேல்தான் படுத்தது.

வேறு யாராக இருந்தாலும் இவ்வளவுதான் என்று பையைத் தூக்கியிருப்பார்கள். இவர் நாலு நாள் அங்கேயே கிடந்தார். "கம்பியில பாதின்னா கண்ணுக்குப் பாதி இல்லீங்க" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உறுதியான வாக்கியம் இதுதான். வெளிச்சம் கூடுகிற பக்கத்தில் பொட்டுக்குப் பொட்டு கம்பியைக் குறுக்கினார், மங்குகிற பக்கத்தில் நீட்டினார். தெருவில் போகிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கைப்பிடியை நகர்த்தி, "இப்பப் பாதியாட்டத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். பால்காரருக்கு ஒரு பாதி, கோயில் பூசாரிக்கு ஒரு பாதி. நானும் அந்த வழியாகப் போய்ச் சிக்கி ஒரு பாதி சொன்னேன். எல்லாருடைய பாதிக்கும் நடுவில் அவர் ஒரு பாதியை வைத்தார். நாலாம் நாள் கைப்பிடியைத் தள்ளியபோது வெளிச்சம் படி ஏறுகிற மாதிரி ஒரே அளவாக ஏறியது.

அதோடு விட்டாரா? பலகையில் மேல்பக்கம் ஓர் ஆணி, கீழ்ப்பக்கம் ஓர் ஆணி அடித்தார். கைப்பிடி கடைசிப் பொட்டுக்கும் போகாது, முதல் பொட்டுக்கும் வராது. கீழ் ஆணிக்கும் கீழே போனால் வெறும் கம்பி சிவப்புத்தான் தெரியுமாம், அது விளக்கே இல்லையாம். மேல் ஆணிக்கு மேலே போனால், மோட்டார் நிற்கிற நேரத்தில் பல்ப் போய்விடுமாம். "என்ற ஊட்டு விளக்கு, எனக்கு இஷ்டப்பட்ட மாதிரி எரிக்கக் கூடாதா?" என்று தோப்புக்காரர் சத்தம் போட்டார். "எரிக்கலாமுங்க, இந்த ரெண்டு ஆணிக்கு நடுவால" என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பிவிட்டார்.

அதே மாதிரி இன்னொரு பெட்டிதான் என் வாழ்க்கைக்குள்ளும் வந்தது.

எனக்கு ஏழு வயதில் கரும்பு ஆலைக் கொட்டகையில் கொதிக்கிற வெல்லப்பாகு முகத்தில் தெறித்தது. இடது காதிலிருந்து தாடை வரைக்கும் தழும்பு. எனக்கு அது பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் பழகவில்லை. நாலு பேர் வந்தார்கள், நாலும் பட்டப்பகலில். பஜ்ஜி சாப்பிட்டார்கள், "ஊருக்குப் போய் லெட்டர் போடறமுங்க" என்றார்கள். தபால்காரர் மேல்தான் தப்பு என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்தாவது வரன் வேலந்தாவளத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். இந்தத் தடவை அப்பா ஜோசியரிடம் போய், சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் நல்ல நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தார். மறுநாள் கரண்டுக்காரர் எங்கள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்தார்.

எல்லாம் பூட்டி முடித்து இருட்டியதும் என்னைப் பல்புக்குக் கீழே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அப்பா எதிரே மாப்பிள்ளை உட்காரப்போகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கரண்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்தார்.

"இப்பத் தெரியுதுங்களா?"

"தெரியுது" என்றார் அப்பா.

ஒரு பொட்டு இறங்கியது. "இப்பங்க?"

"கொஞ்சந் தெரியுது."

இன்னொரு பொட்டு. "இப்பங்க?"

அப்பா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். என்னை இல்லை, என் இடது கன்னத்தை. "தெரியல" என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். என்னை வளர்த்தவர். அந்தத் தழும்புக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதால் அதற்கும் ஒரு பொட்டு இறக்குவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

"அங்கயே ஆணி அடிச்சிருப்பா" என்றார் அப்பா.

கரண்டுக்காரர் ஒரு பொட்டு மேலே தள்ளிவிட்டு, ஏழாவது பொட்டில் மேல் ஆணியை வைத்தார்.

"ஏனப்பா, அங்க வெச்சா லேசாத் தெரியுதே?"

"அதுக்கும் கீள போனா ஆளே தெரியாதுங்க. ஒறம்பரை வந்து ஆரையப் பாப்பாங்க?"

"எனக்கு இந்த ஆணியே வேண்டாம்" என்றேன் நான். "அடிக்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நேராக, இடது கன்னத்தையும் சேர்த்துத்தான். "பல்ப் போயிருமுங் டீச்சர்" என்றார். மூன்று இஞ்ச் ஆணி. சுத்தியலால் நாலே அடி. பெண் பார்க்க வருகிற அன்று காலையில் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

அவர்கள் வந்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் மாப்பிள்ளைக்கு மீசை இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவருடைய அம்மா என்னைவிட அதிகமாகப் பல்பைத்தான் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இது என்னங்க இத்தன குளுமையா வெளிச்சம்? ஆருங்க பண்ணிக் குடுத்தது?"

அப்பா பெருமையோடு கரண்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் நாள் சம்மதம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். இனி நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அப்பா சந்தோஷத்தில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அந்த மனிதர் சம்மதம் சொன்னது யாருக்கு? எனக்கா, கரண்டுக்காரரின் ஏழாவது பொட்டுக்கா? கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் சூரியன் வருமே, அதற்கு இவர் எங்கே ஆணி அடிப்பார்? என்னைப் பார்க்காமலே சம்மதித்தவர், பார்த்த பிறகு என்ன முகம் காட்டுவார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டியிருந்தது.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எதிரே மூன்று டப்பாக்களும் குலுங்கும் சத்தம் கேட்டது.

"எங்கிருந்துங்க வர்றீங்க?"

"வேலந்தாவளமுங்க. ஒரு சின்ன வேலைங்க."

"யார் வீட்டுல?"

"உங்க மாப்பிள்ள ஊட்லதானுங்க."

"அங்க என்ன வேலை?"

"உங்க ஊட்ல இருக்கறாப்பலயே வேணும்னாங்க."

"அவரைப் பகல்ல பார்த்தீங்களா? எப்படி இருக்காரு?"

"சுமாருங்க."

"சுமார்னா என்னங்க அர்த்தம்?"

பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "நல்ல மனுசனுங்க. மத்ததெல்லாம் வெளிச்சத்தப் பொறுத்ததுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். கையிலிருந்த குடையால் ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போகிற வழக்கம் எங்களில் கிடையாது. நான் போகிறேன் என்றதும் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நீ வந்தா ஊர் சிரிக்குஞ் சாமி" என்றார். நான் வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றேன். கடைசியில், கோயிலுக்குப் போகிற வழியில் அப்படியே வந்தோம் என்று ஒரு சாக்குக் கண்டுபிடித்து, கையில் தேங்காய்ப்பழத் தட்டோடு கிளம்பினோம். அவர்கள் சொல்லியனுப்பிய நல்ல நேரமும் ஆறரைக்கு மேல்தான் இருந்தது.

அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதே வெளிச்சம். சுவரில் அதே பலகை, அதே கைப்பிடி, மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கண்டதும் திகைத்தாலும் சமாளித்துக்கொண்டு காப்பி கொண்டு வந்தார். மாப்பிள்ளை அன்றைக்கும் கையைத் துண்டுக்குள்தான் வைத்திருந்தார். அப்பா சுற்றிலும் பார்த்து, "நல்ல ஊடுங்க" என்றார். உத்திரம் கூடத் தெரியாத வெளிச்சத்தில் அவர் எதைப் பார்த்தாரோ.

நான் எழுந்து பலகையிடம் போனேன். மேல் ஆணியைப் பிடித்து, விரல் போனாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அது இரண்டு விரலுக்குள் கழன்று வந்துவிட்டது. துளியூண்டு ஆணி. இழுத்த வேகத்தில் நான்தான் பின்னால் சாய்ந்தேன்.

கைப்பிடியைத் தள்ளினேன்.

வெளிச்சம் பாய்ந்து வரவில்லை. அந்த மனிதர் நாலு நாள் கிடந்து கற்றுக்கொண்ட வேலையாயிற்றே, ஒவ்வொரு பொட்டாக, அவசரமில்லாமல் ஏறியது. நானும் திரும்பி நின்று இடது கன்னத்தைக் காட்டினேன். என் முகம் அவர்களுக்குத் தெரிய வந்த அதே நேரத்தில் மாப்பிள்ளை முகமும் எனக்குத் தெரிய வந்தது. உதட்டைச் சுற்றி, மோவாயில், கழுத்தில், வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். அவர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்களும் வெள்ளை.

முதலில் வாய் திறந்தது அவருடைய அம்மாதான். "ஐயோ, கரண்டு ஜாஸ்தி வருது, கொறைங்க, கொறைங்க!"

"ஏனுங்கம்மா, இத மறச்சுட்டீங்களே" என்று அப்பா எழுந்துவிட்டார்.

"நாங்க மறச்சமா? நீங்க என்னத்தக் காட்டுனீங்க? அந்தப் புள்ள கன்னத்தப் பாருங்க!"

"அது பாகு தெறிச்சதுங்க!"

"இது மட்டும் தொத்து வியாதிங்களா?"

இரண்டு பேரும் கரண்டுக்காரரை ஒரே குரலில் திட்டினார்கள். அதில் மட்டும் சம்பந்திகளுக்குள் நல்ல ஒற்றுமை. சண்டை உச்சத்துக்குப் போனபோது எங்கேயோ தோட்டங்களில் மிச்சமிருந்த மோட்டார்களும் நின்றன. பல்ப் ஒரு தடவை வெள்ளையாகப் பளீரென்று எரிந்து, டப்பென்று போனது. கரண்டுக்காரர் சொன்னது பொய்யில்லை.

இருட்டில் சண்டை பாதியில் நின்றது. லாந்தரைத் தேடிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா அடுக்களைக்குள் போகும் சத்தம் கேட்டது.

"டீச்சர்" என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "பாத்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன். நீங்க?"

"நானும் பாத்துட்டனுங்க." அந்தக் குரலில் பயம் இருந்தது. என் குரலிலும் இருந்திருக்கும். "எனக்குச் சம்மதமுங்க" என்றார். நான் கணக்கு டீச்சர் இல்லையா, "எனக்கும்" என்று உடனே சொல்லிவிட்டேன். லாந்தர் வந்தபோது இரண்டு பெரியவர்களும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கல்யாணத்துக்குக் கரண்டுக்காரர் வந்து, சாப்பிட்டு, சுமார் என்றார். அப்பா அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். என்னால்தான் அவரைக் கோபிக்க முடியவில்லை. பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் ஓர் ஆள் இப்படித் திரியலாமா என்று ஒரு பக்கம் எரிச்சல். இன்னொரு பக்கம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் அந்த டப்பாச் சத்தம் கேட்காதா என்று காது தேடும். அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்று இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

கல்யாணமான நாலாம் மாதம் வேலந்தாவளத்து வீட்டில் பியூஸ் போய்விட்டது என்று அவரைக் கூப்பிட்டோம். வேலையை முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தவரிடம், ஒரு பதில் வாங்காமல் விடுவதில்லை என்று போய் நின்றேன்.

"எங்கப்பா வீட்டுல மூணு இஞ்ச் ஆணி அடிச்சீங்க. இடிச்சாலும் வராது. இந்த வீட்டுல மட்டும் ஏனுங்க அந்தத் துளியூண்டு ஆணி?"

அவர் ஆணி இருந்த ஓட்டையைப் பார்த்தார். மேலே புது பல்பைப் பார்த்தார். சாயங்கால வெளிச்சத்தில் என் முகத்தையும் பார்த்தார்.

"அன்னிக்குப் பெரிய ஆணி தீந்துபோச்சுங்க" என்றார்.

பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி நடந்தார். சின்ன டப்பாதான் கொஞ்சம் காலியாகக் குலுங்கியது. பெரிய டப்பா, இந்த வீட்டில் ஆணி அடித்துவிட்டு அவர் எனக்கு எதிரே வந்த அன்றைக்குக் கேட்ட மாதிரியே, ஊர்முனைச் செக்போஸ்ட் தாண்டுகிற வரைக்கும் கேட்டது.